யாகூபின் சட்டையும் எரேமியாவின் உறுதியும்

எங்கள் ஊர்க் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் சேர்ந்து வேதம் வாசிக்கத் தொடங்கிய முதல் நாளே ஒரு பிழை விட்டேன். விறாந்தையில் பாய் விரித்து எல்லோரும் இருந்த பிறகு, மடியில் இருந்த விவிலியத்தைப் பாயிலேயே வைத்துவிட்டுத் தேத்தண்ணி எடுக்கக் குசினிக்குப் போனேன். தட்டத்தோடு திரும்பி வந்தால் பாயில் அதைக் காணவில்லை. ராத்தா உள்ளே போய்த் தலையணை ஒன்றை எடுத்து வந்து, அதன் மேல் தோய்த்த துவாய் ஒன்றை மடித்துப் போட்டு, என் விவிலியத்தை அதில் வைத்திருந்தா. அவவின் குர்ஆன் அவ கொண்டு வந்த மர ரெஹாலில், வேதத்தை விரித்து வைக்கும் தாங்கியில், விரிந்திருந்தது. "நிலத்தில கிடக்கப் பார்த்துக்கொண்டு இருக்க மனம் வரல்ல ரீச்சர்" என்றா. முப்பது வருசமாக மறைக்கல்வி படிப்பித்தவள் நான். என் வேதத்தை எப்படிக் கையாள வேண்டும் என்று எனக்கு ஒரு முஸ்லிம் பெண் காட்டித் தந்தா. அன்று வாசித்த பகுதியை விட அந்தத் தலையணைதான் எனக்கு இன்றும் நினைவில் நிற்கிறது.

எங்கள் ஊர் விடத்தல்தீவு. மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகும் வீதியில், கண்டல் காட்டுக்கும் கடலுக்கும் பக்கத்தில் இருக்கிறது. கோயில் மணியும் பாங்கும் ஒரே காற்றில் கேட்ட ஊர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் 70,000க்கும் அதிகமானவர்களை வெளியேற்றினார்கள். எங்கள் ஊர் முஸ்லிம்களும் அதில் அடக்கம். புத்தளம் பக்கத்தில் ஓலைக் கொட்டில்களில் அவர்களுக்கு இரண்டு தலைமுறை வளர்ந்தது. 2007, 2008இல் போர் நெருங்கி எங்களுடைய முறை வந்தது. மன்னாரிலிருந்து கிளிநொச்சி, அங்கிருந்து தருமபுரம், புதுக்குடியிருப்பு, கடைசியில் முள்ளிவாய்க்கால். மடு மாதாவின் சுரூபமே 2008 ஏப்ரலில் கோயிலை விட்டுத் தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்த காலம் அது. ஒரே ஊரில் இருந்து சனம் இரண்டு தரம் வெளியேறியது. திரும்பி வந்தபோது இரண்டு பக்கத்துக்கும் ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

2018 தவக்காலத்தில்தான் தொடங்கினோம். பங்குக்கு வந்த இளம் குருவானவர் ஒருவர் வெளிநாட்டில் படித்தபோது, யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள் ஒரே மேசையில் மூன்று வேதங்களையும் வைத்து வாசிக்கும் ஒரு முறையைப் பார்த்திருந்தார். 1990களில் சில பேராசிரியர்கள் தொடங்கிய முறையாம். எங்களிடம் மேசையும் இல்லை, யூதரும் இல்லை. ஒரு பாய், இரண்டு வேதம், எட்டு ஒன்பது பேர். பெரியமடுவில் குடியேறியிருந்த ராத்தாவும் அவவின் மச்சாளும், ஓர் இளம் மௌலவி, ஃபாதர், நான், என் அம்மா, எங்கள் தெருவில் இன்னும் இரண்டு மூன்று பெண்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை, அஸருக்கும் மஃரிபுக்கும், அதாவது பின்னேரத் தொழுகைக்கும் பொழுதுபட்ட தொழுகைக்கும், இடையில். எதைப் பற்றி வாசிக்கலாம் என்று ஃபாதர் கேட்டபோது அம்மா சொன்னா: "நம்பிக்கையைப் பற்றி வாசியுங்கோ. அது எங்களிட்ட இல்லாத சாமான்."

அந்தச் சொல்லிலேயே முதல் சிக்கல். எங்கள் பொது மொழிபெயர்ப்பில் விசுவாசத்துக்குத்தான் 'நம்பிக்கை' என்று போட்டிருக்கிறார்கள். வரப்போவதைக் காத்திருக்கும் அந்த மனநிலைக்கு 'எதிர்நோக்கு' என்று சொல். அம்மாவின் பழைய புத்தகத்தில் விசுவாசம், நம்பிக்கை என்று வேறு வேறாக இருக்கிறது. ராத்தாவுக்கு நம்பிக்கை என்றால் ஈமான். "ஈமான் இல்லை எண்டா சொல்றீங்க?" என்று அம்மாவைப் பார்த்துப் பதறிவிட்டா. மௌலவிதான் பிரித்துச் சொன்னார்: ஈமான் வேறு, ரஜா வேறு, ரஜா என்பது அல்லாஹ்வின் ரஹ்மத்தை, அவனுடைய அருளை, எதிர்பார்த்திருப்பது, அச்சமும் ரஜாவும் ஒரு பறவையின் இரண்டு இறக்கை மாதிரி என்று பழைய அறிஞர்கள் சொல்வார்கள். அரை மணி நேரம் ஒரு சொல்லில் போனது. வீணாகப் போன நேரம் இல்லை அது. இப்படி ஒன்றைத் தொடங்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான்: இரண்டு பக்கமும் தமிழ்தான் பேசுகிறோம் என்று நினைத்து ஏமாந்து போகாதீர்கள். ஒரே தமிழ்ச் சொல்லுக்குள் இரண்டு வீடு இருக்கும்.

முதல் இரண்டு மாதமும் மரியாளை வாசித்தோம். குர்ஆனில் ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கிய சூரா (அத்தியாயம்) 19ஆவது சூரா மட்டும்தான். அதில் மர்யம் பிரசவ வேதனையோடு பேரீச்ச மரத்தடிக்கு வந்து, இதற்கு முதலே செத்துப் போயிருக்கக் கூடாதா என்று அழுகிறா. கவலைப்படாதே, உன் காலடியில் நீரோடை இருக்கிறது, மரத்தை உலுக்கு, பழம் விழும் என்று ஒரு குரல் கேட்கிறது. எல்லாப் பெண்களுக்கும் பிடித்துப் போனது. எங்களில் ஒருத்தி பங்கருக்குள் பிள்ளை பெற்றவள். "உலுக்கச் சொல்லிச்சோ? பிள்ளை பெறுறவளையோ?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்து, கண் துடைத்து, நல்ல மாலையாகப் போனது.

ஆனால் அது எங்களுக்கு வசதியாகவும் போய்விட்டது. இரண்டு வேதத்துக்கும் பொதுவான இடத்தில் நின்று, நாங்கள் எல்லாரும் ஒன்றுதான் என்று சொல்லிக் கலைந்து போகலாம். அப்படிக் கலைந்திருந்தால் நான்கு மாதத்தில் கூட்டம் நின்றிருக்கும். எங்களைப் பிடித்து வைத்திருந்தது வேறுபட்ட இடங்கள்தான்.

மூன்றாவது மாதம் யாக்கோபு. ஒரு கதை, இரண்டு புத்தகம். தொடக்க நூல் 37ஆம் அதிகாரத்தில் அண்ணன்மார் யோசேப்பின் அங்கியை ஆட்டுக்கிடாய் இரத்தத்தில் தோய்த்துத் தகப்பனுக்கு அனுப்புகிறார்கள். யாக்கோபு அதைப் பார்க்கிறார், அடையாளம் காண்கிறார், கொடிய விலங்கு தின்றுவிட்டது என்று நம்பிவிடுகிறார். சாக்குடை உடுத்திப் பல நாள் அழுகிறார். பிள்ளைகள் தேற்ற வந்தால் தேறமாட்டேன், துக்கத்தோடேயே மகனிடம் பாதாளத்துக்குப் போவேன் என்கிறார்.

பிறகு மௌலவி 12ஆவது சூராவை ஓதித் தமிழில் சொன்னார். இங்கே யாகூப் நபி சட்டையில் இருக்கும் இரத்தத்தை நம்பவில்லை. இது உங்கள் மனம் சோடித்த கதை என்கிறார். 'ஸப்ருன் ஜமீல்', அழகிய பொறுமை என்கிறார். வருசக்கணக்காக அழுது கண் வெளுத்துப் போகிறது. பிள்ளைகளே கடிந்துகொள்கிறார்கள்: நீங்கள் யூசுஃபை நினைத்து நினைத்தே அழிந்து போவீர்கள். அவர் சொல்கிறார், என் துக்கத்தை நான் அல்லாஹ்விடம்தான் முறையிடுகிறேன். அதோடு நிற்கவில்லை. போங்கள், யூசுஃபையும் அவன் தம்பியையும் தேடுங்கள், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று அனுப்புகிறார்.

விறாந்தையில் சத்தமே இல்லை.

என் தம்பியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். போர் முடிந்த 2009 மே மாதம், வட்டுவாகலில் இராணுவம் பெயர் பதியக் கூப்பிட்டது. போனான். நந்திக்கடல் தண்ணிக்குள்ளால் வந்ததில் நனைந்த சட்டையைக் கழற்றி அம்மாவின் பையில் வைத்துவிட்டு, மாற்றுச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனான். இன்று வரை இல்லை. அந்த நீலக்கோட்டுச் சட்டை செட்டிக்குளம் முகாமுக்கும் வந்தது, ஊருக்கும் வந்தது. அம்மா அதைத் தோய்க்க விடவில்லை.

அம்மா மௌலவியைப் பார்த்துக் கேட்டா: "தம்பி, பொறுமை எண்டா அழாமல் இருக்கிறது எண்டுதானே எல்லாரும் சொல்லுகினம்?"

"இல்லை அம்மா. யாகூப் நபிட கண்ணே வெளுத்துப் போச்சு. அல்லாஹ் அதைக் குறையாச் சொல்லல்ல."

அம்மா பிறகு மெல்ல என் பக்கம் திரும்பி, "எங்கட யாக்கோபு விட்டிட்டார் பிள்ளை. அவையின்ரை யாக்கோபு விடேல்லை" என்றா.

இத்தனை வருசம் எத்தனை பேர் அம்மாவுக்கு ஆறுதல் சொன்னோம். விட்டுவிடுங்கோ என்று நானும் சொன்னேன். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் காணாமற்போன பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார் கந்தசாமி கோயிலுக்கு முன்னால் போராட்டம் இருந்தபோது அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகாமல், உடம்புக்கு ஆகாது என்று மறித்தவளும் நான்தான். தேடு என்று சொன்ன ஒரு வேத வசனம், எங்கள் வீட்டில் இருந்து ஐந்தாறு மைல் தூரத்தில், ராத்தாவின் ரெஹாலில் இருந்திருக்கிறது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. அன்று அங்கே இருந்த இன்னொரு பெண் காணாமற்போன தன் மகனுக்கு இரங்கல் திருப்பலி ஒப்புக்கொடுத்து, மரணச் சான்றிதழும் எடுத்துவிட்டவள். அம்மாவுக்கும் அவளுக்கும் அந்த விசயத்தில் பல வருசமாக முகம் கொடுத்துப் பேச்சில்லை. காணாமற்போனவர்களின் வீடுகளில் இந்தப் பிளவு இருக்கிறது. வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. அவள் சொன்னாள்: "எனக்கு எங்கட யாக்கோபுதான் வேணும். செத்தது எண்டு தெரிஞ்சும் தேறமாட்டன் எண்டு சொல்ல அவருக்குத் துணிவு இருந்தது. என்னை எல்லாரும் தேறு தேறு எண்டு சொல்லியே கொல்லுகினம்." ஒரே தகப்பன். ஒரு புத்தகத்தில் தேடச் சொல்லுகிறார், மற்றதில் ஆறுதலை மறுக்கிறார். இரண்டு தாய்மாருக்கும் இடம் இருந்தது. தேத்தண்ணி குடிக்கும்போது அம்மாதான் அவளுக்குச் சீனிப் போத்தலை நகர்த்தி வைத்தா.

அம்மா ஒரு கேள்வியும் கேட்டா. "யாக்கோபுக்குப் பிள்ளை கிடைச்சான். எனக்கு?" ஃபாதர் வாய் திறக்கவில்லை, மௌலவியும் திறக்கவில்லை. அதற்காக அவர்கள் இருவரையும் நான் மதிக்கிறேன். மகன் உயிரோடு ஒரு முகாமில் இருக்கிறான் என்று சொல்லி அம்மாவிடம் காசு வாங்கிக்கொண்டு போன ஒருவரை எங்களுக்குத் தெரியும். கையில் ஆதாரம் இல்லாமல் நம்பிக்கை கொடுப்பவனும் அவன் பக்கத்தில்தான் வந்து நிற்கிறான், வசனத்தை எடுத்துக் கொடுத்தாலும் சரி. அடுத்த மாதம் ஃபாதர் 88ஆம் திருப்பாடலைக் கொண்டு வந்தார். ஆண்டவரை நோக்கிக் கத்திக் கத்தி, பதில் வராமல், இருட்டிலேயே முடிகிற பாட்டு. வெளிச்சம் இல்லாமல் முடியும் செபத்தையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள் என்று ராத்தாவுக்கு ஆச்சரியம். "இதை ஓதுறவங்களுக்கும் ரஜா இருக்குத்தானே. இல்லாட்டி யாரிட்டக் கத்துறது?" என்றா.

ராத்தாவுக்கு அவவின் வசனம் கிடைத்தது எங்கள் பக்கத்தில் இருந்து. எரேமியா என்ற பெயர் குர்ஆனில் இல்லை. அந்தக் கதையை அவ முன்பு கேட்டதே இல்லை. 32ஆம் அதிகாரம். பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி முற்றுகை போட்டிருக்கிறது. எரேமியா காவல்கூட முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்துச் சிறிய தகப்பன் மகன் வந்து, அனத்தோத்தில் இருக்கும் என் காணியை வாங்கு என்கிறான். ஊர் விழப்போகிறது என்று தானே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர், 17 செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சி வைத்து, காணி உறுதிப் பத்திரம் எழுதி, முத்திரை போட்டு வாங்குகிறார். அந்த உறுதியை மண் பானைக்குள் வை, நெடுநாள் இருக்கட்டும் என்கிறார். இந்த நாட்டில் வீடும் வயலும் தோட்டமும் மறுபடி வாங்கப்படும் என்பது ஆண்டவரின் வாக்கு.

'உறுதி' என்ற இடத்திலேயே ராத்தா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டா. "பானைக்குள்ளயா?" என்று இரண்டு தரம் கேட்டா. பிறகு சொன்னா. 1990இல் அவவுக்குப் பதின்மூன்று வயது. வாப்பா காணி உறுதியைப் பொலித்தீனில் சுற்றி, வெறும் பால்மாப் பேணிக்குள் போட்டு மூடி, அதைத்தான் கையில் எடுத்தார். உம்மா சண்டை பிடித்தாவாம்: சட்டி எடுக்கலாம், பாய் எடுக்கலாம், இந்தக் கடதாசியை யார் மதிக்கப் போறாங்க? புத்தளத்தில் மழைக்குக் கொட்டில் ஒழுகிய நாட்களில் வாப்பா அந்தப் பேணியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தார். ஊரைப் பார்க்காமலே அங்கே மௌத்தானார். பேணி திரும்பி வந்தது. காணியில் எல்லைக் கதியால் ஒன்று கூட இல்லை, பற்றையும் உடைந்த கிணற்றுக் கட்டும்தான்.

"வாப்பாவை எல்லாரும் விசர் எண்டு சொன்னாங்க ரீச்சர். இந்த மனிசனும் அதைத்தானே செஞ்சிருக்கார்" என்றா. அந்த அதிகாரத்தைப் பிரதி எடுத்துத் தரச் சொன்னா. இப்போது அது அந்தப் பேணிக்குள் உறுதியோடு இருக்கிறது.

மௌலவி அன்றைக்கு ஒரு ஹதீஸைச் சொன்னார். உலக முடிவு வந்துவிட்டாலும், உங்களில் ஒருவரின் கையில் பேரீச்சங்கன்று இருந்தால், முடியுமானால் நட்டுவிடட்டும் என்று நபிகள் சொன்னது. அம்மா, "எங்களுக்கு அது தென்னம்பிள்ளை" என்றா. நாங்கள் கன்று என்று சொல்லாமல் பிள்ளை என்று சொல்லுகிற மரம்.

அந்தப் பேணிக் கதையோடுதான் ராத்தா அதுவரை கேட்காததைக் கேட்டா. "நாங்க போகக்குள்ள நீங்க எங்க நின்டீங்க ரீச்சர்?" எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. கடப்படியில் நின்றேன். அவர்கள் வரிசையாகப் போனதைப் பார்த்தேன். பயமாக இருந்தது. அது மட்டும்தானா என்று என்னை நானே கேட்டால், எங்களுக்கு இல்லைத்தானே என்ற ஒரு நிம்மதியும் உள்ளே இருந்தது. அதையும் சொன்னேன். ராத்தா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் வராமல் விட்டா. அதற்கடுத்த மாதம் வந்தா.

நம்பிக்கையைப் பற்றிப் பேச வருகிறவர்கள் இந்தக் கட்டத்தைத் தாண்டிப் போகப் பார்ப்பார்கள். தாண்ட வேண்டாம். பழைய காயத்தை முதல் நாளே கிண்டவும் வேண்டாம். எங்களுக்கு எட்டு மாதம் எடுத்தது, அதுவும் ஒரு வசனம் வழியாகத் தானாக வந்தது. வந்தபோது நான் ஓர் அறிக்கை வாசித்திருந்தால், எங்கள் சமூகம் என்று பொத்தாம் பொதுவாகப் பேசியிருந்தால், அவ திரும்ப வந்திருக்க மாட்டா என்றுதான் நினைக்கிறேன்.

2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் ஆலயம். மூன்று ஆலயத்திலும் முஸ்லிம் தீவிரவாதிகள் குண்டு வெடிக்க வைத்தார்கள். காலைத் திருப்பலி முடிந்து வந்து ரெலிபோனில் பார்த்தேன். மே மாதச் சந்திப்பு நடக்கவில்லை, ஜூனிலும் இல்லை. கோயில் வாசலில் இராணுவம் நின்று பைகளைச் சோதித்தது. இன்னுமா அவர்களோடு வேதம் வாசிக்கிறீர்கள் என்று என் மருமகனே கேட்டான். ராத்தா அபாயா போட்டுக்கொண்டு மன்னார் பஸ்ஸில் ஏறப் பயந்து வீட்டோடு இருந்தா. இரண்டாம் நாள் அவவிடம் இருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பேச்சு இல்லை, அழுகைதான். நான் பதில் போடப் பத்து நாள் எடுத்தேன். அந்தப் பத்து நாள் இன்றும் என்னை உறுத்துகிறது. வாசிப்பது நின்றாலும் தொடர்பை நிறுத்தாதீர்கள். ஒரு சொல் போதும், அன்றைக்கே அனுப்புங்கள்.

ஓகஸ்ட் மாதம் அம்மாதான் தொடக்கி வைத்தா. ஓட்டோ பிடித்து நேரே பெரியமடுவுக்குப் போய், ராத்தா வீட்டுத் திண்ணையில் இருந்து, "உந்தச் சட்டைக் கதையை ஒருக்காத் திருப்பி வாசி பிள்ளை" என்றா. அன்று முதல் ஒரு மாதம் எங்கள் வீட்டில், ஒரு மாதம் அங்கே.

கேட்பவர்களுக்கு உதவும் என்று சில பழக்கங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சந்திப்புக்குப் பதினைந்து வசனத்துக்கு மேல் எடுப்பதில்லை. இரண்டு தரம் உரத்து வாசிக்கிறோம். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களும் அங்கே சரிசமமாக இருக்க வேண்டும். யாருடைய வேதமோ அவர்கள் முதலில் சொல்ல வேண்டும், மற்றவர்கள் கேள்வி மட்டும். உங்கள் வேதத்தில் இப்படித்தானே இருக்கிறது என்று அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுப்பது தடை. சிலுவையையும் திரித்துவத்தையும் பற்றி ஒருவரும் ஒளிக்கவில்லை. ஈசா நபி சிலுவையில் மரிக்கவில்லை என்று மௌலவி சொன்னார், எங்கள் எதிர்நோக்கு முழுவதும் அந்தச் சிலுவையிலும் வெறும் கல்லறையிலும் நிற்கிறது என்று ஃபாதர் சொன்னார். இருவரும் குரல் உயர்த்தவில்லை, இருவரும் இறங்கியும் வரவில்லை. ஆனால் அது இரண்டாம் வருசத்தில் நடந்தது. முதல் மாதத்தில் நடந்திருந்தால் தாங்கியிருக்காது. மஃரிபுக்குப் பத்து நிமிசம் முதலே நிறுத்திவிடுவோம். நோன்பு மாதத்தில் சந்திப்பே நோன்பு திறக்கும் நேரத்தில்தான், கஞ்சியோடு.

மௌலவி ஒரு நாள் ஒரு விசயம் சொன்னார். நம்பிக்கை இழக்காதீர்கள் என்ற வசனத்தில் அல்லாஹ்வின் அருளுக்கு வருகிற அரபுச் சொல் 'ரவ்ஹ்'. புழுக்கத்தில் ஒரு காற்று வந்து பட்டால் வரும் ஆறுதல் மாதிரி. கொஞ்சம் தள்ளி, யூசுஃபின் சட்டையோடு ஆட்கள் எகிப்திலிருந்து புறப்பட்ட உடனேயே, தூரத்தில் இருக்கும் கிழவர் சொல்கிறார்: எனக்கு யூசுஃபின் வாசம் வருகிறது. அந்த வாசத்துக்கு வருகிற சொல் 'ரீஹ்'. இரண்டும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். அம்மா அதைக் கேட்டுவிட்டு எழும்பி உள்ளே போனா. ட்ரங்குப்பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது.

சட்டையை எடுத்து வந்து ராத்தாவின் மடியில் வைத்தா. "எனக்கு இப்ப மூக்குப் பிடிபடுதில்லை பிள்ளை. வாசம் இருக்கோ எண்டு பார்."

ராத்தா சட்டையை விரிக்கவில்லை. மடித்தபடியே இரண்டு கையாலும் எடுத்து முகத்துக்குக் கிட்டக் கொண்டு போனா. கனநேரம் வைத்திருந்தா.

"பூச்சி உருண்டை வாசம்தான் அம்மா முன்னுக்கு வருது. அதுக்கு அடியில உப்புத்தண்ணி மாதிரி ஒண்டு இருக்கு."

"நந்திக்கடல்" என்றா அம்மா. சட்டையை வாங்கி, மடிப்புக் கலையாமல் துவாயில் சுற்றினா.